தலையணைமேல் ஒரு கிண்ணம் தேயிலை

சாந்தாமணிக்கு மல்லிகை வாசம் ஆகாது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் பூக்காடு இருந்தது. விடியுமுன்னே எழுந்து, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போக வேண்டும். பறித்து முடித்துப் பள்ளிக்கூடம் போனால் பாதிப் பாடம் தூக்கத்தில் போய்விடும். எட்டாம் வகுப்போடு வாத்தியாருக்கும் அவளுக்கும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்றைக்கும் எங்காவது மல்லிகை வாசம் அடித்தால் அவளுக்கு விரல் நுனி விறைக்கிற மாதிரி இருக்கும். அதனால் அவள் வீட்டில் செய்கிற வாசனை வில்லைகளில் தாழம்பூ உண்டு, சந்தனம் உண்டு, எலுமிச்சைப் புல் உண்டு, ஆரஞ்சு உண்டு. மல்லிகை மட்டும் கிடையாது. யாராவது கேட்டால், "அது நமக்கு வர்றதில்லீங்க" என்பாள். ஏன் எதற்கு என்று நின்று விளக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் அவள் பேசியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். மகள் சுவாதி படித்து முடித்துக் கோயமுத்தூரில் வேலைக்குப் போன பிறகும் அப்படியேதான் இருக்கிறாள். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில் ஒரு வளைவுக்குக் கீழே, படியிறங்கினால் ஒரு வரிசை வீடுகள். அதில் கடைசி வீடு அவளுடையது. மேலே வளைவில் பஸ் நின்றால், இறங்குகிறவர் யார் என்று குடை பிடிக்கிற விதத்திலேயே கண்டுகொள்வாள். வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. அதற்கும் கீழே பள்ளத்தில் பாக்டரி. சமையலறை ஜன்னலில் நின்றால் பாக்டரியின் புகைபோக்கியும், கொழுந்து மூட்டை இறக்குகிற மேடையும், ஓரத்தில் சாம்பிள் ரூமின் சின்ன ஜன்னலும் தெரியும்.

அந்தச் சாம்பிள் ரூமில்தான் அவளுடைய கணவர் வெள்ளியங்கிரிக்கு வேலை. பாக்டரியில் அரைத்துக் காய்ந்து வருகிற தேயிலையில் ஒவ்வொரு தரத்திலும் கொஞ்சம் எடுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, குன்னூரில் இருக்கும் ஏஜெண்டுகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஊற்றிக் குடித்துப் பார்த்துச் சொல்கிற சொல்லை வைத்துத்தான் ஏலத்தில் விலை ஏறும், இறங்கும். வெள்ளியங்கிரி பொட்டலம் கட்டினால் நான்கு மூலையும் கத்தி மாதிரி நிற்கும். காலையில் வந்ததும் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து கொக்கியில் மாட்டுவார். அந்த வெளிச்சத்தில்தான் தூளின் நிறம் சரியாகத் தெரியும் என்பார். அந்த ஒற்றைக் கதவு திறந்தால், வீட்டில் சாந்தாமணி அடுப்பில் குழம்பைக் கூட்டி வைப்பாள்.

வில்லை செய்கிற வேலை அவளிடம் வந்தது பக்கத்து வீட்டுத் தங்கமணியால். தங்கமணி மேல் குன்னூரில் ஒரு விருந்தினர் பங்களாவில் அறை துடைக்கப் போகிறவள். ஐப்பசி மழையில் துணி காயாமல், சுவரெல்லாம் ஓதம் ஏறி, வீட்டுக்குள் நனைந்த நாய் படுத்திருப்பது போல் ஒரு வாடை அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் வந்து கையை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. தங்கியிருந்தவங்க உட்டுட்டுப் போயிட்டாங்க. சோப்புன்னு நெனச்சுக் கை கழுவுனேன், நொரையே வரலீங்க."

சாந்தாமணி வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தாள். மெழுகு. நடுவில் திரி இல்லை. பங்களாவில் சின்ன மண் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அடியில் குட்டி மெழுகுவத்தி, மேலே ஒரு குழிந்த தட்டு, அந்தத் தட்டில் இதை வைத்தால் உருகி வாசம் வருமாம். தங்கமணி சொன்னபடியே அவள் ஒரு அகல் விளக்கின்மேல் சின்னக் கிண்ணத்தைத் தாங்கல் கொடுத்து வைத்துப் பார்த்தாள். வில்லை கரைந்தது. சற்று நேரத்தில் அந்த ஓத வாடைக்குள்ளிருந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்த மாதிரி ஒரு மணம் எழுந்து வீடு முழுக்க நடந்தது. சாந்தாமணி கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

அதன்பிறகு போனில் பார்த்துப் பார்த்துப் படித்தாள். சோயா மெழுகுச் சீவலும் ரப்பர் மாதிரி வளைகிற அச்சுகளும் சுவாதி வாங்கி அனுப்பினாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் எவர்சில்வர் தூக்கை இறக்கி, தூக்கில் மெழுகைப் போட்டு உருக்க வேண்டும். உருகியதும் இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்த பிறகே வாசனை எண்ணெய் விட வேண்டும். அவசரப்பட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். ரொம்ப ஆறவிட்டால் எண்ணெய் ஒட்டாமல் மேலே மிதக்கும். அந்தப் பக்குவம் அவளுக்குச் சீக்கிரம் வந்தது. மெழுகு கலங்கலிலிருந்து தெளிந்து, மறுபடி ஓரத்தில் லேசாகப் பால் கட்டத் தொடங்கும். அப்போது விடுவாள்.

பிடிபடாதது இந்த ஊர்க் குளிர்தான். போனில் காட்டியவர்கள் எல்லோரும் வெயில் ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. இங்கே அச்சில் ஊற்றியதும் மேல்புறம் சட்டென்று இறுகிப் பாளம் பாளமாக வெடித்தது. வெடிக்காதது வெள்ளை பூத்துத் தேமல் விழுந்த முகம் மாதிரி இருந்தது. பலமுறை கெட்டபின் அவளே ஒரு வழி கண்டாள். ஊற்றிய கையோடு அச்சுகளை ஒரு தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, கம்பளியால் சுற்றிப் பிள்ளையைத் தூங்க வைப்பது போல் மூலையில் வைத்துவிட்டாள். மெள்ள ஆறிய வில்லை கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது.

தங்கமணி பங்களாவில் காட்டினாள். பங்களாக்காரம்மா எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சில விடுதிக்காரர்களும் கேட்டார்கள். பேச்சும் வாங்கலும் எல்லாம் தங்கமணி வழியாகவே நடந்தது. "வந்து ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கக்கா, பேய் செய்யுதுன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று தங்கமணி கூப்பிடுவாள். சாந்தாமணி சிரித்துக்கொண்டு அச்சைத் துடைப்பாள்.

தை மாதம் கடும் பனி விழுந்த வாரத்தில் பங்களாவில் ஒரு கல்யாணக் கூட்டம் தங்க வந்தது. எல்லா அறைக்கும் தாழம்பூ வில்லை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தாழம்பூ எண்ணெய் பொல்லாதது. ஒரு சொட்டு தரையில் விழுந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைவரை மணக்கும். தாழம்பூக் குங்குமம் வாங்கி வைத்த வீடுகளுக்கு அந்த வாசம் தெரியும். சாந்தாமணி நாள் முழுக்க உருக்கி ஊற்றினாள். கம்பளி, பழைய போர்வை, சுவாதியின் சால்வை எல்லாம் தட்டுகளைச் சுற்றிக்கொண்டன. கடைசித் தட்டுக்கு ஒன்றும் இல்லை. நாற்காலியில் வெள்ளியங்கிரியின் பழுப்பு சுவெட்டர் கிடந்தது. அவள் யோசிக்கவே இல்லை. எடுத்துச் சுற்றினாள். விடிந்ததும் உதறி, மறுபடி நாற்காலியிலேயே போட்டாள்.

வெள்ளியங்கிரிக்கு அந்த வாரம் ஜலதோஷம். மூக்கு அடைத்துக் கிடந்தது. சுவெட்டரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விஷயம் தெரிந்தது சில நாள் கழித்து, தங்கமணியின் புருஷன் சுப்பண்ணன் மூலமாக. அவன் பாக்டரி லாரி ஓட்டுகிறவன். வாசலில் நின்று, வரும்போதே சிரித்துக்கொண்டு கேட்டான்.

"ஏனுங்கக்கா, அண்ணன் கோயில் வாசல்ல கட போடப் போறாராட்டங்குது?"

"எதுக்குங்க?"

"பின்ன என்னங்க? நம்ம டீயில குங்கும வாசம் வருதுன்னு ஏஜெண்டு ஆபீசுல இருந்து போன் மேல போன். இதக் கொதிக்க வெக்கறதா, நெத்தியில வெக்கறதான்னு கேக்கறாங்களாமா."

சாந்தாமணி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறுச்சாமி அண்ணன் எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சு மோந்து பார்த்தாருங்க. எம்மேல டீசல் வாசந்தான்னு உட்டுட்டாரு. உங்க ஊட்டுக்காரர் சுவெட்டர்கிட்ட வந்ததும் அப்பிடியே கண்ண மூடி நின்னுட்டாருங்க, சாமி கும்புடப் போறவராட்ட."

ஆறுச்சாமி அந்தப் பாக்டரியின் டீ மேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் சலிப்பதுவரை அவர் சொல்கிற பக்குவம்தான். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பதால், சலிப்பு அறைக்குப் போகிற பெண்கள் தலையில் பூ இருந்தால் வாசலிலேயே எடுத்துக் குழாயடிச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தைலம் தடவியவரை அன்றைக்கு வெளிவேலைக்கு அனுப்பிவிடுவார். அவர் மட்டும் என்ன, வாசனை சோப்பே போடாமல் கடலை மாவு தேய்த்துக் குளிக்கிறவர். அப்படிப்பட்டவருடைய பாக்டரியில் வெள்ளியங்கிரி சுவெட்டரைக் கழற்றித் திறந்த சாம்பிள் தட்டுகளுக்குப் பக்கத்தில் போட்டு, கதவையும் சாத்திவிட்டு வேலை பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் வந்தபோது கால் முழுக்கச் சேறு. சாம்பிள் ரூமில் சேறு கிடையாது. சாந்தாமணி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சுப்பண்ணன் சொன்னாருங்க" என்றாள்.

"சொல்லீட்டானா? அவன் வாய வெச்சுக்கிட்டு லாரியக் கவுக்காம ஓட்டறதே பெருசு."

"ஆறுச்சாமி அண்ணன் என்ன சொன்னாருங்க?"

"ஊட்ல அந்த வாசன இருக்கற வரைக்கும் சாம்பிள் ரூமுக்குள்ள கால் வெக்காதீங்கன்னுட்டாரு. கொழுந்து எறக்கற மேடைல போட்டிருக்காரு." காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த மேடை நான்கு பக்கமும் திறந்தது. பனிக்காற்று நேராக வந்து நெஞ்சில் உட்காரும்.

"நான் இத உட்டுடறனுங்க" என்றாள்.

வெள்ளியங்கிரி துண்டால் காலைத் துடைத்தார். "சுவெட்டரப் போத்துனது தப்பு. வில்ல செஞ்சது தப்புன்னு நாஞ் சொல்லலியே."

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சாந்தாமணி ஜன்னலுக்குப் போனாள். சாம்பிள் ரூமின் இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. மேடையில் ஒரு பழைய மழைக்கோட்டு, குனிந்து நிமிர்ந்து, மூட்டைகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் குழம்பைக் கூட்டி வைக்க மறந்தாள்.

மெழுகு, அச்சு, எண்ணெய்ப் புட்டிகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு தங்கமணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க ஊட்ல வெச்சுக்கறியா, தங்கமணி?"

"ஐயோ அக்கா, இவரு லாரியில தேயிலை மூட்டைதான ஏத்தறாரு. ஏற்கெனவே டீசல் வாசம். அதுக்குமேல தாழம்பூவும் சேந்துட்டா, ஊர்வலம் போற சாமியாட்டத்தான் போவாரு."

அந்த வரிசையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதே கதைதான். தேயிலையைத் தொடாத கை ஒரு வீட்டிலும் இல்லை. சாக்கைத் திரும்பக் கொண்டுவந்தவள், பின்புறம் வெந்நீர் அடுப்புக் கொட்டாயில் விறகுக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு பிளம்ஸ் மரமும் சாக்கடையும் இருந்தன. கொட்டாயை ஒட்டிக் குளியலறை.

வீட்டைக் கழுவினாள். ஜன்னல்களைத் திறந்து போட்டாள். வாசம் போய்விட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தாள். வெள்ளியங்கிரிக்கு அதற்குள் ஜலதோஷம் விட்டிருந்தது. ஒரு மடக்குக் குடித்து, டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுலயுந்தான் இருக்குது."

"எனக்கொண்ணும் தெரியலீங்களே!"

"நமக்குத் தெரியாது. நம்ம மூக்கு இதுலயே கெடந்து பழகிப் போச்சு. தேயிலை பழகாது. டப்பாக்குள்ள கெடந்தும் எப்பிடி இழுத்து வெச்சிருக்குது பாரு."

அவர் மீதியையும் குடித்துவிட்டார். சாந்தாமணி மட்டும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மூக்குக்குத் தெரியாது, தேயிலைக்குத் தெரியும். அப்படியானால் தேயிலையைத்தானே கேட்க வேண்டும்?

சுப்பண்ணனிடம் சொல்லி பாக்டரிக் கடையிலிருந்து பிரிக்காத புதுத் தூள் வாங்கினாள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வீடு முழுக்க வைத்தாள். சமையலறையில் ஒன்று, பீரோவுக்குள் ஒன்று, போர்வை மடித்து வைக்கிற பலகையில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு கிண்ணத்துத் தூளையும் தனித்தனி டம்ளரில் வெந்நீர் விட்டு மூடிவைத்து, சமையலறைத் தரையில் வரிசையாக அடுக்கி, "ஏனுங்க, சித்த வாங்க" என்று கூப்பிட்டாள்.

வெள்ளியங்கிரி வந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். பாக்டரியில் செய்கிற மாதிரியே கரண்டியில் மொண்டு, ஊரே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்து வாளியில் துப்பினார்.

"சமையக்கட்டு, சுத்தம். பீரோ..." இன்னொரு கரண்டி. "அர நெத்தி."

"என்னங்க அது?"

"குங்குமக் கணக்குத்தான். இது போர்வைப் பலகையா? முக்கா நெத்தி. தலமாடு..." உறிஞ்சியவர் கண்ணை மூடினார். "நெத்தி நெறைய."

சாந்தாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றே போர்வைகளை வெந்நீரில் போட்டாள். வெயில் தலைகாட்டிய போதெல்லாம் மெத்தையை எடுத்துப் போட்டாள். மறுபடி கிண்ணங்கள், மறுபடி டம்ளர்கள். பீரோ கால் நெற்றிக்கு இறங்கி, பிறகு சுத்தமானது. போர்வையும் சரியானது. கட்டில் தலைமாடு மட்டும் அசையவில்லை. உறையை மாற்றினாள், பஞ்சைக் காயவைத்தாள். அப்படியும் நெற்றி நிறையவே இருந்தது.

"கிண்ணத்த யார் பக்கம் வெச்ச?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"நடுவாலீங்க."

"ரெண்டு பக்கமும் தனித்தனியா வெச்சுப் பாரு."

மறுநாள் காலையில் அவர் இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றி உறிஞ்சினார். தன் பக்கத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவள் பக்கத்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

"இது சாமான் இல்ல சாந்தா. இது நீ."

சாந்தாமணிக்கு முகம் சுட்டது. தூக்கின்மேல் குனிந்து கிளறும்போது ஆவி நேராகத் தலைமுடிக்குள் ஏறியிருக்கிறது. குளிருக்குத் தலையில் சுற்றிக்கொள்கிற கம்பளித் துண்டிலும் ஏறியிருக்கிறது. அந்தத் துண்டை அவள் இன்னும் துவைக்கவே இல்லை, கழற்றினால்தானே துவைக்க.

"இத்தன நாளாப் பக்கத்துல படுத்துக் கெடக்கறேன், என்ற மூக்குக்குத் தெரியலியே!" என்று வெள்ளியங்கிரி சிரிக்க ஆரம்பித்தார். "தேயிலைக்காரன்னு வெளிய சொல்லீராத."

துண்டை உருவிச் சுருட்டிக்கொண்டு வெளியே போனவள், கதவருகே நின்றாள். அவளிடமிருந்து கேள்வி வருவது அபூர்வம். வெள்ளியங்கிரி சிரிப்பை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"கொட்டாயிலயே வெச்சு ஒருக்கா ஊத்திப் பாக்கட்டுங்களா? அங்கியே வேற துணி மாட்டிக்கறேன். தலைய மூடிக்கறேன். முடிச்சதும் அங்கியே குளிச்சுட்டுத்தான் ஊட்டுக்குள்ள வருவேன். அப்புறமும் தலகாணி சுத்தமா இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"ஆறுச்சாமி அண்ணனுக்கு ஊட்டு சாம்பிள் குடுத்தனுப்பலாமுங்க."

வெள்ளியங்கிரி டம்ளரில் மிச்சமிருந்த தாழம்பூ டீயை, துப்பாமல், குடித்தே விட்டார்.

கொட்டாயில் ஆணி அடித்து ஒரு பழைய நைட்டியும் ஒரு குல்லாவும் மாட்டினாள். வெந்நீர் அடுப்பின் சூட்டில் அங்கே வில்லை இன்னும் நன்றாக ஆறியது, கம்பளிகூடத் தேவைப்படவில்லை. அத்தனை நாளும் வீட்டுக்குள் அதோடு ஏன் மல்லுக்கட்டினோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. வேலை முடிந்ததும் தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு வாரம் இப்படிச் செய்தபின் தலையணைக் கிண்ணத்தை ஊற்றிப் பார்த்தார்கள். சுத்தம். அந்தத் தூளில் மீதியை வெள்ளியங்கிரி பாக்டரிப் பொட்டலம் மாதிரியே மூலை மடித்துக் கட்டினார். மேலே பென்சிலால் 'தலையணை' என்று எழுதி எடுத்துப் போனார்.

திரும்பி வந்தவர் முகத்தில் தெளிவில்லை.

"என்னங்க சொன்னாரு?"

"பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல. 'சாம்பிள்னா எடுக்கறவன் வந்து எடுக்கோணும். நீங்களே கட்டிக் கொண்டாந்தா, புதுத் தூளக் கட்டுனீங்களா என்னன்னு நான் எப்பிடி நம்பறது?'ன்னுட்டாரு."

அன்றே சாயங்காலம் ஆறுச்சாமியே படியிறங்கி வந்தார். நெட்டை உருவம், கழுத்தில் மப்ளர், கையில் ஒரு தூக்குச்சட்டி. வாசலில் செருப்பைக் கழற்றுமுன் மூக்கை நீட்டி ஒருமுறை இழுத்தார். சாந்தாமணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"வாங்கண்ணா, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி.

"குடிக்க வரலீங்க. எடுக்க வந்தேன்." நேராகக் கட்டிலருகே போனார். தூக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். அதில் அவரே கொண்டுவந்த தூள். "ஏனுங்க அம்மிணி, இதுல உங்க தலகாணி எந்தப் பக்கமுங்க?"

வேற்று ஆண் ஒருவர் இப்படிக் கேட்பார் என்று அவள் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் மட்டும் நீண்டு சுவர்ப் பக்கத்தைக் காட்டியது. ஆறுச்சாமி கிண்ணத்தைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் தலையணையின் நட்டநடுவில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல நானே வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது."

"அப்ப நான் எங்கீங்க படுக்கறது?"

கேட்டபிறகுதான் கேட்டது தன் வாய் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. வெள்ளியங்கிரி கூரையைப் பார்த்தார். ஆறுச்சாமி மட்டும் சிரிக்காமல், அது நியாயமான கேள்வி என்பதுபோல் யோசித்தார்.

"அதுஞ் சரிதானுங்க. நீங்க படுத்தாத்தான் பரீட்ச." கிண்ணத்தை எடுத்துத் தலைமாட்டுப் பலகையில், தலையணையை ஒட்டி வைத்தார். "இன்னிக்கு மெழுகு வேல உண்டுங்களா?"

"இல்லீங்க, நாளைக்குத்தான்..."

"இன்னிக்கே செய்ங்க. தாழம்பூவே செய்ங்க. வேலைய நிறுத்தீட்டு எடுக்கற சாம்பிள் செல்லாது."

சாந்தாமணி கொட்டாய்க்குப் போனாள். அவர் சொன்னதற்காகவே தாழம்பூவைக் கை தாராளமாக விட்டு ஊற்றினாள். பாதகமாகப் போனால் போகட்டும். கள்ள சாம்பிள் என்ற பேர் வேண்டாம். முடித்துக் குளித்து, தலையைத் துவட்டி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுத்தாள். திரும்பிப் படுத்தால் கிண்ணம் விழுமோ என்று அசையாமலே படுத்திருந்தாள்.

விடிந்ததும் ஆறுச்சாமி வந்தார். கிண்ணத்தைத் தூக்குக்குள் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார். வெள்ளியங்கிரி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

சாந்தாமணி ஜன்னலில் நின்றாள். அரிசியைக் களைந்தாள், மறுபடி நின்றாள். பள்ளத்தில் பனி கட்டியிருந்தது. அது கலைந்தபோது மேடையில் மழைக்கோட்டு தெரிந்தது. மூட்டைகளுக்கு நடுவே குனிந்தது, நிமிர்ந்தது. தங்கமணி வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பரீட்ச ரிசல்ட்டு வந்துச்சா?"

"இல்ல."

"பாசாவீங்க. இல்லீன்னா சொல்லுங்க, ஆறுச்சாமி அண்ணன் ஊட்டு வாசல்ல தாழம்பூ எண்ணெயத் தெளிச்சுட்டு வந்தர்றேன்."

தங்கமணி படியேறிப் போனாள். சாந்தாமணி காய் நறுக்கினாள். தலை நிமிர்ந்தபோது மேடையில் வேறு யாரோ மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கோட்டைக் காணோம். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சாம்பிள் ரூமின் ஜன்னல் அசைந்தது. ஒரு கதவு மட்டும் திறந்தது. உள்ளிருந்து ஒரு கை வந்து கொக்கியை மாட்டியது.

அவள் மிச்ச வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைக் கூட்டினாள்.

சாயங்காலம் வெள்ளியங்கிரி சேறில்லாத காலோடு வந்தார். எல்லாம் சொல்லி முடித்தபின், "இன்னொண்ணு" என்றார். "ஆறுச்சாமி அண்ணன் சம்சாரத்துக்கு வில்ல வேணுமாமா. அவங்க ஊட்லயும் ஓத வாடை தாங்கலியாமா. ஆனா அவரு கையில வாங்கவும் மாட்டாராமா, நான் கொண்டு போகவும் வேண்டாமாமா. தங்கமணிகிட்டயே குடுத்தனுப்பச் சொன்னாரு."

சாந்தாமணி நல்லதாகப் பார்த்துச் சந்தனமும் எலுமிச்சைப் புல்லும் எடுத்துவைத்தாள். தங்கமணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்போதும் அந்த வீட்டில் வாரம் தவறாமல் சாந்தாமணியின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் தேயிலை ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளியங்கிரி சர்ரென்று உறிஞ்சும் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும். "என்னங்கண்ணா, அக்கா சுத்தமா?" என்று சுப்பண்ணன் அங்கிருந்தே கத்துவான். கொட்டாயில் அடுப்பு எரியும். மூன்றாவது அச்சு வரிசைக்கு இடம் போதாமல் விறகைக் கொஞ்சம் வெளியே அடுக்கியிருக்கிறாள். பங்களாக்காரம்மா நேரில் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் படியிறங்கி வந்துவிட்டபோது, குல்லாவோடு அகப்பட்டுக்கொண்டவள், "உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கே தங்கமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன வாரம் வெள்ளியங்கிரி வேலையிலிருந்து வரும்போதே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க?"

"ஆறுச்சாமி அண்ணன் ரெண்டு நாளா சாம்பிள் ரூமுக்குள்ள வரல. வாசல்ல நின்னே எல்லாத்தையும் கேட்டுட்டுப் போறாரு. கால் மட்டும் வாசப்படி தாண்ட மாட்டேங்குது. இன்னிக்கு நானே கேட்டுட்டேன். 'என்ற ஊட்ல சந்தனம் கொளுத்தறாங்க வெள்ளியங்கிரி, எம்மேல எத்தன நெத்தி இருக்குதுன்னு எனக்கே தெரியலீங்க'ன்னாரு."

சாந்தாமணியும் சிரித்தாள். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, அதில் புதுத் தூள் போட்டு மேலே துணி கட்டினாள்.

"நாளைக்கு இத அவருகிட்டக் குடுங்க" என்றாள். "தலமாட்டுல வெக்கச் சொல்லுங்க. அவரு பக்கம் ஒண்ணு, அவங்க பக்கம் ஒண்ணு. நடுவால வெச்சா தெரியாதுங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணத்தையும் எடுத்தாள்.